புதன்கிழமை குணமான தோள்

ஏணிக்குத் தோள் குணமானது ஒரு புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு. அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

ஏனென்றால் குணமளிக்கும் இல்லத்தில் புதன்கிழமை கண். திங்கள் தலை, செவ்வாய் வயிறு, புதன் கண், வியாழன் தோளும் முதுகும், வெள்ளி மூட்டு, சனி பலவகை. ஞாயிறு பூசை இருப்பதால் யாருக்கும் எதுவும் குணமாகாது. இதை வாசலிலேயே நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஏணி எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன்தான். ஆனாலும் நின்று, கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் உள்ளே போனான். 'தெரிந்தே செய்தார்' என்று பின்னால் அறிக்கையில் எழுத அது வசதியாகப் போயிற்று.

ஏணி என்பது குடோனில் வைத்த பேர். ஆள் ஆறடிக்கு மேல். மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி அடுக்கும்போது மேல் வரிசைக்கு ஏற்ற மற்றவர்களுக்குப் பலகை வேண்டும், இவனுக்குக் கை போதும். முப்பது வருஷமாக மேல் வரிசை அவனுடையது. சொந்தப் பேரை யாராவது கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான்.

அப்பேர்ப்பட்ட வலது கை மூன்று மாதத்துக்கு முன்னால், ஒருநாள் காலையில் சட்டை மாட்டும்போது, நெஞ்சுக்கு மேல் வரமாட்டேன் என்றது. இழுத்துப் பார்த்தான். எண்ணெய் தேய்த்துப் பார்த்தான். திட்டியும் பார்த்தான். கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி அது பாட்டுக்குத் தொங்கியது.

மேஸ்திரி முதலில் அவனைத் தார்ப்பாய் மடிக்கப் போட்டார். அப்புறம் கேட்டைத் திறந்து மூடச் சொன்னார். அப்புறம் துடைப்பத்தைக் கையில் கொடுத்தார். துடைப்பம் கைக்கு வந்தவன் அடுத்த மாதம் வாசலுக்கு வெளியே நிற்பான் என்பது குடோனில் எல்லோருக்கும் தெரியும். நாற்பத்தொன்பது வயசில் ஒரு வாசலுக்கு வெளியே போன சுமைக்காரனை வேறு எந்த வாசலும் உள்ளே விடாது. அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

"இந்த மாசக் கடைசி சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், ஏணி. அப்புறம் மேல் வரிசைக்கு வேற ஆளைப் போட்டுடுவேன். என்னைத் தப்பா நினைக்காத."

"கை சரியானதும் டாக்டர் சீட்டு கொண்டு வரேன் மேஸ்திரி."

"எந்த டாக்டர்? போன வருஷம் ஒருத்தன் கொண்டு வந்தானே, இடுப்பு சரியாயிடுச்சுன்னு. அவன் போட்ட மூட்டை எங்க விழுந்தது?"

மேஸ்திரியின் இடது கால் கட்டைவிரலில் விழுந்தது. அது இன்னும் நிமிரவில்லை.

"ஃபாதர் இல்லத்துல போய் சீட்டு வாங்கிட்டு வா. அவங்க லேசுல கொடுக்க மாட்டாங்க. முத்திரை இருக்கணும், ஆமா. முத்திரையைப் பார்த்தாத்தான் நான் தலைக்கு மேல மூட்டை ஏத்த விடுவேன்."

ஃபாதர் கை வைத்தால் படுத்தவன் எழுந்து நடப்பான் என்று நாலு ஊர் தாண்டிப் பேர். மாதா கோவிலை ஒட்டி மூன்று மாடியில் இல்லம். முதல் தடவை போனபோது ஏணி ஃபாதரைப் பார்க்கவில்லை. பதிவு மேசையில் இருந்த சிஸ்டரைப் பார்த்தான். வட்ட முகம், மூக்கு நுனியில் கண்ணாடி, நல்ல மனுஷி. பதினான்கு கேள்வி உள்ள படிவத்தை அவரே நிரப்பிக் கொடுத்தார்.

"ஏழாவது கேள்வி. நோய் யாரால வந்தது? தன்னாலயா, பிறராலயா?"

"மூட்டையால சிஸ்டர்."

"மூட்டைக்குத் தனிக் கட்டம் இல்லையே அண்ணா. பிறர்ல போட்டுக்கறேன்."

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் எழுதின காகிதத்தைப் பார்த்ததும் சிஸ்டர் பேனாவை மூடிவிட்டார்.

"இதுல உடற்பயிற்சி செய்யவும்னு எழுதியிருக்காரே."

"ஆமா சிஸ்டர். சுவத்துல விரலை வச்சு மேல மேல ஏத்தணுமாம்."

"அப்படின்னா டாக்டருக்கு நம்பிக்கை இருக்குன்னு அர்த்தம். நம்பிக்கை இருக்கிற கேஸை நாங்க எடுக்கிறதில்ல அண்ணா. டாக்டர் கைவிட்டுட்டேன்னு எழுதிக் கொடுக்கணும். அப்பத்தான் எங்க வேலை ஆரம்பிக்கும்."

ஏணி டாக்டரிடம் திரும்பிப் போனான். கைவிட்டேன் என்று எழுதித் தரும்படி கெஞ்சினான். டாக்டர் இருபது வருஷத் தொழிலில் இவ்வளவு சுலபமான வைத்தியம் செய்ததில்லை. 'இந்நோயாளியை முழுமனதுடன் கைவிடுகிறேன்' என்று நாலு வரி எழுதி, கீழே நேரமும் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதத்தோடு, மறுநாள் வியாழக்கிழமைக்குப் பதிந்துகொள்ளலாம் என்றுதான் அந்தப் புதன்கிழமை வந்திருந்தான். அந்த வாரச் சனிக்கிழமைதான் மேஸ்திரி சொன்ன சனிக்கிழமை.

பதிவு அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். குணமானவர்களின் பேரேடு அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. தோல் அட்டை, தங்க எழுத்து, மேலே ஒரு சின்ன விளக்கு. புத்தகம் மெலிசு. குணமாகாதவர்களின் படிவங்கள் அட்டைப் பெட்டிகளில் இருந்தன. 'நிலுவை' என்று எழுதி, சுவரோரம் இருந்த இரும்பு பீரோவின் தலையில் கூரை வரை அடுக்கியிருந்தார்கள். அடுக்கியவனுக்கு அட்டி போடத் தெரியாது. மூலைக்கு மூலை பிடிப்பு இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா வைத்திருந்தான். ஏணி உள்ளே நுழைந்ததுமே பார்த்தான். இது நிற்காது என்று நினைத்தான். சொன்னால் நன்றாயிருக்காது என்று சும்மா இருந்தான்.

சிஸ்டர் கீழ் இழுப்பறையைத் திறக்க பீரோவைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். மேலிருந்த நிலுவை அசைந்தது.

சுமைக்காரனுக்கு மூட்டை சரிவது கண்ணுக்குத் தெரியும் முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். ஏணி ஒரு எட்டு வைத்து, இரண்டு கையையும் தூக்கி, சிஸ்டர் தலைக்கு மேலே பெட்டியைப் பிடித்தான். தோளுக்குள் 'தடக்' என்று ஒரு சத்தம். கண்ணில் நட்சத்திரம் பறந்தது. அப்புறம் பார்த்தால் வலது கை கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மூன்று மாதம் எங்கே போயிருந்தாய் என்று அவன் அதைப் பார்த்தான்.

"அல்லேலூயா!" என்று சிஸ்டர் கத்தினார். உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயையோ. இன்னைக்குப் புதன்."

செயலாளரைக் கூப்பிட்டார்கள். செயலாளர் ஏதோ ஒரு பெரிய அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். நடக்கும்போதுகூடப் பத்தி பிரித்து நடப்பார். ஏணியின் கையை மேலே ஒருதரம், கீழே ஒருதரம் பார்த்தார்.

"கையை இறக்குங்க."

"இறக்கிட்டேன் சார்."

"இன்னும் கொஞ்சம் இறக்குங்க. நல்லா, பழைய மாதிரி." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "தம்பி, என்ன காரியம் பண்ணியிருக்கீங்கன்னு தெரியுதா? வெளியில கண்ணுக்காக இருநூறு பேர் நிக்கிறாங்க. கண் நாள்ல ஒரு தோள் குணமாச்சுன்னு வெளிய போனா அவங்க என்ன நினைப்பாங்க? நமக்கு வரவேண்டிய அருள் வழிதவறி வேற ஆளுக்குப் போயிடுச்சுன்னு நினைக்க மாட்டாங்களா? நாங்க என்ன பதில் சொல்றது?"

"நான் வேணும்னு செய்யலை சார். பெட்டி விழுந்தது."

"அது அடுத்த சிக்கல். பத்து இருபதுக்கு ஃபாதர் பல் துலக்கிட்டிருந்தார். நாங்க எல்லாத்துக்கும் குறிப்பு வச்சிருக்கோம். ஃபாதர் பல் துலக்கும்போது நடக்கிற குணத்துக்கு இல்லம் பொறுப்பேற்காது."

"சரிங்க சார். எனக்குச் சீட்டு மட்டும் கொடுத்துடுங்க. தோள் சரியாயிடுச்சுன்னு ஒரு வரி. சனிக்கிழமைக்குள்ள மேஸ்திரிகிட்ட காட்டலைன்னா என் இடம் போயிடும்."

"குணமே ஆகாத ஆளுக்கு எப்படிச் சீட்டு கொடுக்கிறது?"

ஏணி தன் கையைத் தூக்கிக் காட்டினான். செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கையைப் பார்ப்பதே விதிமீறல் என்பது போல இருந்தது.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நாளை வியாழன் வரை ஏணி நோயாளியாகவே இருக்கவேண்டியது. நாளை மேடையில் முறைப்படி குணமாகவேண்டியது. இடையில் கை தானாக எதுவும் செய்துவிடக் கூடாது. அதற்காக ஒரு வெள்ளைத் துணியில் கையை மடக்கிக் கழுத்தோடு தொட்டில் கட்டினார்கள். முடிச்சின்மேல் செயலாளரே அரக்கை உருக்கி ஊற்றி இல்லத்து முத்திரையை வைத்தார்.

"முத்திரை உடைஞ்சிருந்தா கேஸ் தள்ளுபடி," என்றார்.

ஏணியின் மனைவி ஒரு பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். சாயந்திரம் வேலை முடிந்து வந்தவள், கதவைத் திறந்ததும் அரக்கு முத்திரையைப் பார்த்தாள்.

"என்னங்க இது? பார்சல் மாதிரி வந்து நிக்கிறீங்க?"

"கை நல்லாயிடுச்சு."

"நல்லாயிடுச்சா! எங்க, தூக்குங்க பாப்போம்."

"இப்ப தூக்கக் கூடாது. நாளைக்குத்தான் நல்லாகும்."

அவள் பையைக் கீழே வைத்தாள். புருஷன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அவன் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் பாதியில் சிரிக்க ஆரம்பித்து, முடியும்போது நிறுத்திவிட்டாள்.

"நாளைக்கும் அவங்க ஏதாவது நொட்டை சொன்னா?"

"சொல்ல மாட்டாங்க."

"சொன்னா? துடைப்பத்தை வாங்கிட்டு வாசல்ல நிப்பீங்களா?"

ஏணி முத்திரை உடையவில்லையே என்று குனிந்து பார்த்துக்கொண்டான். அன்றைக்கு அவனுக்குச் சட்டைப் பொத்தான் கழற்றியதும், ரொட்டி பிய்த்துக் கொடுத்ததும் அவள்தான். நல்ல கை இருந்தும் சாப்பாடு ஊட்டிவிடப்பட்ட ஒரே சுமைக்காரன் அவனாகத்தான் இருப்பான். படுக்கும்போது முத்திரைமேல் சாய்ந்துவிடாதபடி அந்தப் பக்கம் ஒரு தலையணையும் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை மருத்துவக் குழு. குழுவில் மொத்தம் ஒரு டாக்டர், அவரும் பல் டாக்டர். வேறு டாக்டர்கள் கேட்டால் வரவில்லையாம், இவர் கேட்காமலே வந்தாராம். முத்திரை உடையவில்லை என்று செயலாளர் பார்த்துச் சொன்னபிறகு கத்தரிக்கோலால் துணியை வெட்டினார்கள்.

"குணமாகிறதுக்கு முந்தின நிலையை நான் எழுதணும். எவ்வளவு தூக்க முடியுதோ தூக்குங்க," என்றார் பல் டாக்டர்.

பொய் சொல்லத் தெரியாத நாக்கு போலவே ஏணிக்குக் கையும் வாய்த்திருந்தது. நெஞ்சோடு நிறுத்திக்கொள் என்று அவன் எவ்வளவோ சொன்னான். ஒருநாள் முழுக்கக் கட்டிக் கிடந்த கை, அவிழ்த்துவிட்டதும் நேரே மேலே போய் நின்றது.

"மேல போகுதே," என்றார் பல் டாக்டர்.

"போகலை டாக்டர். போகப் பார்க்குது," என்றார் செயலாளர்.

"காதைத் தாண்டிடுச்சு."

"நோயின் தீவிரம். கட்டுப்பாடில்லாம போகுது, பாருங்க."

பல் டாக்டர் நேர்மையானவர். தோளைப் பற்றி எதுவும் எழுத மறுத்துவிட்டார். வந்ததற்கு ஏதாவது எழுதவேண்டுமே என்று ஏணியை வாயைத் திறக்கச் சொன்னார். 'குணமாவதற்கு முந்தைய நிலை' என்ற கட்டத்தில், 'கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு சொத்தை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செயலாளர் அதைப் படிக்காமலே கோப்பில் வைத்தார். கட்டம் நிரம்பியிருக்கிறதா என்பதுதான் அவர் பார்ப்பது.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் ஏணியை உட்கார வைத்தார்கள். அங்கே ஏற்கெனவே ஒருவர் மூலையில் முக்காலி போட்டு, இடது கையால் ரொட்டியைக் காப்பியில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், அறுபது வயசிருக்கும். வெள்ளை அங்கியைப் பார்த்துத்தான் இவர்தான் ஃபாதர் என்று ஏணிக்குத் தெரிந்தது. எழுந்து நின்றான்.

"உக்காருங்க, உக்காருங்க. நீங்க உக்காந்தாலே என் உயரம் இருக்கீங்க. என்ன தொழில்?"

"மூட்டை தூக்குறேன் ஃபாதர். முப்பது வருஷம்."

"நான் இருபத்திரெண்டு வருஷம். தலைகள்."

ஏணி அவர் உட்கார்ந்திருந்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வலது கை மடியில் தனியாகக் கிடந்தது. வேறு யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் போல.

"ஃபாதர்... தோளா?"

ஃபாதர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒரு வருஷமாச்சு. இந்த வாரம் நெஞ்சைத் தாண்டவே மாட்டேங்குது. ஒரு நாளைக்கு முந்நூறு தலை. எல்லாம் மேல. எல்லாரும் நிக்கணும்னு விதி, முட்டி போட்டா பின்னால இருக்கிறவங்களுக்குத் தெரியலையாம்."

"வியாழக்கிழமைக்கு நீங்களும் ஒரு படிவம் கொடுக்கலாமே ஃபாதர்."

"கொடுத்தேன். குணமளிக்கிறவரும் குணம் கேக்கிறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாதாம். ஒன்பதாவது விதி. கீழ நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்." ரொட்டியை மறுபடி முக்கினார். "நேத்து உங்களுக்கு நல்லாயிடுச்சாமே. சிஸ்டர் சொன்னாங்க."

ஏணிக்கு வேர்த்துவிட்டது. "ஆமா ஃபாதர். மன்னிச்சுக்குங்க."

"இதுக்குப் போய் மன்னிப்பா? எனக்குச் சந்தோஷம். நான் பல் துலக்கிட்டிருந்தேன்னு எழுதியிருக்காங்க. பொய். தூங்கிட்டிருந்தேன்." சிரித்தார். அப்புறம் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. "முதல்ல ஒரு அறையில ஆறு நாற்காலிதான். வர்றவங்களுக்காக நான் கேப்பேன். அவ்வளவுதான் என் வேலை. கொடுக்கிறது என் கையில இல்ல. சிலருக்குக் கிடைச்சது. கிடைக்காதவங்களோடயும் ராத்திரி வரைக்கும் உக்காந்திருப்பேன். இப்ப அவங்களை எங்க வச்சிருக்காங்கன்னே எனக்குத் தெரியலை."

"பீரோ மேல ஃபாதர்," என்றான் ஏணி.

அதற்குள் மணி அடித்தது.

மேடையில் ஏறியதும் ஏணி மிரண்டுவிட்டான். கண்ணுக்கெட்டிய வரை நாற்காலி. நாற்காலி தீர்ந்த இடத்தில் நின்றுகொண்டும் இருந்தார்கள். செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்பார்ந்தவர்களே! முன்பெல்லாம் நோயாளிகள் நேராக ஃபாதரிடமே வந்துவிடுவார்கள். எவ்வளவு அபாயம், எண்ணிப் பாருங்கள்! இன்று ஒரு நோயாளி ஃபாதரை அடையும் முன் பதினோரு மேசைகளைத் தாண்டுகிறார். பாதிப் பேர் ஏழாவது மேசையிலேயே, பரவாயில்லை, இப்படியே இருந்துகொள்கிறேன் என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களையும் நாம் குணமானவர்களாகத்தான் கருதுகிறோம். இவ்வாண்டு நமது இல்லம் குணமாக்கிய தோள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அது மாதா கோவில் கோபுரத்தைவிட உயரம்!"

அப்படி அடுக்கினால் நிற்காது என்று ஏணிக்குத் தோன்றியது. மூலைப் பிடிப்பு வேண்டும்.

கைதட்டல் அடங்கியதும் ஃபாதர் அவன் முன்னால் வந்தார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது. ஒரு நிமிஷம் மேடையும் மேசையும் எதுவும் இல்லாத மாதிரி இருந்தது. யாரோ ஒருவர் தனக்காக நிஜமாகவே கேட்கிறார் என்பது ஏணிக்குத் தெரிந்தது.

பிறகு ஃபாதர் அவன் தலையில் வைக்க வலது கையைத் தூக்கினார். அது அவர் நெஞ்சோடு நின்றுவிட்டது. மறுபடி தூக்கினார். மறுபடி நின்றது. ஏணியின் தலையோ எங்கோ உயரத்தில் இருந்தது. முன் வரிசையில் யாரோ இருமினார்கள். ஃபாதரின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

குடோனில் ஒரு பழக்கம் உண்டு. மூட்டையோடு பாதியில் நின்றுவிட்டவனை யாரும் கேலி செய்ய மாட்டார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவன் அவன் முழங்கைக்கு அடியில் கை கொடுப்பான். வெடுக்கென்று தூக்கமாட்டான். இரண்டு பேரும் சேர்ந்து மூச்சை இழுத்து, சேர்ந்து விட்டு, விடும்போது ஏற்றுவார்கள். ஏணி இதை முப்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது. இப்போதும் அவன் யோசிக்கவில்லை. கை தானாகப் போய் ஃபாதரின் முழங்கையைத் தாங்கியது.

"மூச்சை விடுங்க," என்றான். "ஹூம்... ஏத்து!"

'தடக்.'

ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் அந்தச் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. அதைத் தொடர்ந்து ஃபாதரின் குரலும் கேட்டது. "அம்மாடி!" என்றது அது. எந்த செபப் புத்தகத்திலும் இல்லாத வார்த்தை. அப்புறம் ஃபாதர் தன் கையைப் பார்த்தார். அது ஏணியின் தலையைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. அவர் அதை இறக்கினார், ஏற்றினார், பின்னால் வளைத்து முதுகைச் சொறிந்துகொண்டார். ஒரு வருஷமாகச் சொறியவேண்டும் என்று ஆசைப்பட்ட இடம் போலிருக்கிறது, முகம் அப்படி மலர்ந்தது. கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. ஃபாதர் சிரித்தார். ஏணியும் சிரித்தான்.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையில் இருந்தது ஒரே ஒரு படிவம். மேடையில் குணமான தோள்கள் இரண்டு.

மத்தியானமே விசாரணை. நீள மேசை. ஒரு பக்கம் செயலாளர், பல் டாக்டர், ஃபாதர், குறிப்பெடுக்க சிஸ்டர். இன்னொரு பக்கம் ஏணி.

"முதல் விஷயம்," என்றார் செயலாளர். "இவருடைய முந்தைய நிலை சொத்தைப் பல். இப்பவும் சொத்தை அப்படியே இருக்கா டாக்டர்?"

பல் டாக்டர் மேசைக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். "இருக்கு."

"ஆக, குணமாகலை. சீட்டுக்கு இடமில்லை. அடுத்த விஷயம். இல்லத்து மேடையில, அனுமதியில்லாம, ஃபாதரைக் குணப்படுத்தியிருக்கார்."

"எனக்கு வலிச்சது. இப்ப வலிக்கலை," என்றார் ஃபாதர்.

"மன்னிக்கணும் ஃபாதர். உங்களுக்கு வலி இருந்ததுன்னு இல்லம் ஒருபோதும் ஏத்துக்காது. குணமளிக்கிறவருக்கே நோய்னா நாளைக்கு யார் வருவாங்க? நோயே இல்லாத ஒருத்தரை இவர் குணப்படுத்தியிருக்கார். அது இன்னும் பெரிய குற்றம். நோய் உள்ளவங்களைக் குணப்படுத்தறவங்க உலகத்துல எத்தனையோ பேர். நோய் இல்லாதவங்களையும் குணப்படுத்தறவர் வெளியில நடமாடினா நம்ம பதினோரு மேசையும் என்ன ஆகிறது?"

ஏணிக்கு இதில் பாதிதான் புரிந்தது. சீட்டு இல்லை என்ற பாதி. இன்று வியாழன். நடுவில் வெள்ளி ஒன்றுதான். துடைப்பத்தின் கைப்பிடி எப்படியிருக்கும் என்று உள்ளங்கைக்கு இப்போதே தெரிந்தது.

"சார், நான் யாரையும் குணப்படுத்தலை. கை கொடுத்தேன். எனக்கு அந்த ஒரு வரி மட்டும்..."

"இவருக்குத் தடை ஆணை போடறோம்," என்றார் செயலாளர். "இனிமேல் யார்மேலும் கை வைக்கக் கூடாது. எழுதுங்க சிஸ்டர்."

சிஸ்டர் எழுத ஆரம்பித்தார். ஃபாதர் தொண்டையைச் செருமினார்.

"தடைன்னா காரணம் சொல்லணுமில்லையா? வெறுமனே தடை பண்ணினா மேலிடத்துல கேப்பாங்களே."

செயலாளரின் முகம் பிரகாசமாயிற்று. ஃபாதர் விதிகளைப் பற்றித் தானாகப் பேசுவது இதுதான் முதல்தடவை. "ரொம்பச் சரி. என்ன காரணம் போடலாம்?"

"அபாயம்னு போடலாம்," என்றார் ஃபாதர். கண்ணை மூடிக்கொண்டு, பூசையில் வாசகம் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "'மேற்படி நபருடைய இரண்டு கைகளும் முழுபலத்துடன் உள்ளதாலும், அவை எவ்வளவு பாரத்துடனும் தலைக்குமேல் தங்குதடையின்றி உயரும் என்பது இந்தக் குழுவின் முன்னிலையில் ஐயமற நிரூபிக்கப்பட்டுள்ளதாலும், அதனால் விளையக்கூடிய அபாயத்தைக் கருதி...' எழுதிட்டீங்களா சிஸ்டர்?"

"'அபாயத்தைக் கருதி...' எழுதிட்டேன் ஃபாதர்," என்றார் சிஸ்டர். அவர் தலை நிமிரவே இல்லை. கண்ணாடி மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"பிரமாதம்," என்றார் செயலாளர். "அபாயங்கிற வார்த்தை அங்கதான் வரணும்." மூன்று கையெழுத்து விழுந்தது. ஃபாதர் வலது கையால் நீளமாகப் போட்டார். செயலாளர் முத்திரையை ஊதி ஊதி ஒன்றுக்கு இரண்டாகக் குத்தினார்.

சனிக்கிழமை காலை மேஸ்திரி குடோன் வாசலில் நின்றே அந்த ஆணையைப் படித்தார். முதல்தடவை மனசுக்குள். இரண்டாம் தடவை சத்தமாக. 'எவ்வளவு பாரத்துடனும்' என்ற இடத்தில் சுற்றியிருந்தவர்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். முத்திரையை விரலால் தடவினார்.

"ரெண்டு முத்திரை," என்றார். "எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் ரெண்டு கொடுத்ததில்லை." துடைப்பத்தை அவரே வாங்கிச் சுவரில் சாத்தினார். "போ. மேல் வரிசைக்குப் போ."

அன்று ஏணி பதினோரு லாரி மூட்டையை மேல் வரிசையில் ஏற்றினான். சாயந்திரம் மற்றவர்கள் கை கழுவப் போனதும் மேஸ்திரி மெதுவாகப் பக்கத்தில் வந்தார். செருப்பைக் கழற்றி, நிமிராத கட்டைவிரலை மூட்டைமேல் எடுத்து வைத்தார்.

"யார்மேலும் கை வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே மேஸ்திரி."

"வைக்க வேணாம்ப்பா. சும்மா பக்கத்துல கொண்டுவா."

"மூணு பேர் கையெழுத்து மேஸ்திரி," என்று சொல்லிவிட்டு ஏணி சட்டையை மாட்டிக்கொண்டான். வலது கை முதலில் போயிற்று.

வீட்டில் மனைவி ஆணையை மேசைமேல் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டி பிடித்த மணிக்கட்டை இன்னொரு கையால் அமுக்கிக்கொண்டே படித்தாள்.

"ஏங்க, இந்தத் தடை வீட்டுக்குள்ளயும் செல்லுமா?"

ஏணி காகிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். இல்லம் இருந்தது, வளாகம் இருந்தது, பொது இடம் இருந்தது. கடைசி வரிவரை விரலை ஓட்டிப் பார்த்தான்.

"வீடுன்னு தனியாப் போடலை," என்றான்.

அவள் கையை நீட்டினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "போச்சா?" என்று கேட்டான்.

"எங்க போச்சு, அப்படியேதான் இருக்கு," என்றாள் அவள். "நீங்க பிடிங்க. கையை எடுத்துடாதீங்க."